தமரிண்டோல கான்டோ வாங்கலாமா? கடலப் பாக்குறதுக்கு முன்னாடி குழாயத் திறந்து பாருங்க

கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். லீவுக்கு கோஸ்டா ரிக்கா போயிருக்கீங்க, தமரிண்டோல பீச்சுக்கு அஞ்சு நிமிஷ நடையில ரெண்டு பெட்ரூம் கான்டோ, அதாவது அடுக்குமாடி வீடு ஒண்ண 3,20,000 டாலர்னு காமிச்சிருக்காங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கும் முழு உரிமை உண்டு, டைட்டில் கிளியர், ஏர்பிஎன்பில வாடகைக்கு விட்டா தன் கடன தானே கட்டிக்கும்னு ஏஜென்ட் சொல்லிருக்காரு. கலிஃபோர்னியா வீட்டு மேல லோன் எடுத்து இத வாங்கலாமா, இல்ல மெக்சிகோவுல சயுலிட்டா பக்கம் பாக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அதாவது அந்த ஏஜென்ட் சொன்னதுல எது நெசம், எது யாவாரப் பேச்சுன்னு தெரியணும் உங்களுக்கு, அவ்ளோதான? அத மட்டும் சொல்றேன், வாங்குறதும் வாங்காததும் உங்க பாடு.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் என் பேச்ச எவ்ளோ தூரம் எடுத்துக்கலாம்னு உங்களுக்குப் புரியும். படிச்சது சிவில், சொந்த ஊரு தூத்துக்குடி, 2011ல இருந்து தமரிண்டோ இருக்குற குவானகாஸ்டே மாகாணத்துல இருக்கேன். வீடு வாங்குறவங்க சார்பா போய் கட்டடத்தப் பாத்து ரிப்போர்ட் குடுக்குறது என் வேலை. இங்க பிளான்ல கையெழுத்து போடணும்னா இந்த நாட்டு இன்ஜினியர் சங்கத்துல மெம்பரா இருக்கணும், அதனால கையெழுத்து கூட இருக்குற உள்ளூர் ஆளு போடுவாரு, கூரை மேல ஏறுறதும் செப்டிக் டேங்க் மூடியத் தூக்குறதும் நானு. வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல. சட்டம், வரி பத்தி கீழ எழுதுறதெல்லாம் தினம் காதுல விழுந்து, பேப்பர்ல பாத்துப் பழகினது, பணம் குடுக்குறதுக்கு முன்னாடி உங்க வக்கீல் வாயால ஒரு தடவ கேட்டுக்கோங்க.

முதல்ல உரிமை விஷயம். ஏஜென்ட் சொன்னது பாதி சரி. கடற்கரையில இருந்து தள்ளி உள்ள பட்டா நிலத்த வெளிநாட்டுக்காரர் தன் பேர்லயே வாங்கலாம், குடியுரிமையும் வேணாம், ரெசிடென்சியும் வேணாம், டூரிஸ்டா வந்தவர் கூட வாங்கலாம், இதுல சந்தேகமே இல்ல. ஆனா கடலோரத்துல கதை வேற. 1977ல வந்த 6043ஆம் நம்பர் சட்டப்படி, கடல் ஏறும்போது தண்ணி வந்து தொடுற கோட்டுல இருந்து உள்பக்கமா 200 மீட்டர் அரசாங்கத்தோடது. அதுல முதல் 50 மீட்டர் நம்ம பாஷையில சொன்னா சுத்தப் புறம்போக்கு, யாரும் வேலி போடக் கூடாது, யாரு வேணா நடக்கலாம். அடுத்த 150 மீட்டர நகராட்சி குத்தகைக்கு விடும், அஞ்சு வருஷத்துல இருந்து இருபது வருஷம் வரைக்கும், அப்புறம் புதுப்பிக்கணும். அந்தக் குத்தகைய அஞ்சு வருஷமாவது அங்க குடியிருக்காத வெளிநாட்டுக்காரருக்குக் குடுக்கக் கூடாது, பாதிக்கு மேல வெளிநாட்டுப் பங்கு இருக்குற கம்பெனிக்கும் கூடாது. இந்தச் சட்டத்துக்கு முன்னாடியே பட்டா ஆன துண்டு நிலங்க அங்கங்க இருக்கு, ரொம்பக் கொஞ்சம். அதனால ‘பீச் ஃப்ரண்ட்’னு சொல்லி ஒருத்தர் வித்தா முதல் கேள்வி, பட்டாவா குத்தகையா?

இதக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. இங்க ஒவ்வொரு சொத்துக்கும் ஃபோலியோ ரியால்னு ஒரு நம்பர் உண்டு, நம்ம ஊர் சர்வே நம்பரையும் பத்திர நம்பரையும் ஒண்ணா சேத்த மாதிரி. முதல் எண் மாகாணம், குவானகாஸ்டேன்னா 5. நடுவுல ஒரு எழுத்து வரும் பாருங்க, அது எஃப்னு இருந்தா கான்டோ யூனிட், இசட்னு இருந்தா கடலோரக் குத்தகை. அந்த ஒரே ஒரு எழுத்தப் பாக்காம அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து நின்னவங்கள நானே பாத்திருக்கேன். எஃப்னு இருந்தாலும் அதோட விட்ராதீங்க, அந்த கான்டோ மொத்தமும் நிக்குற தாய் நிலம் இருக்கும், மாத்ரிஸ்னு சொல்வாங்க, அதையும் எடுத்துப் பாக்கணும். தேசிய பதிவகத்தோட வெப்சைட்லயே நம்பர் போட்டா உடமையாளர் பேரு, அடமானம், கோர்ட் குறிப்பு எல்லாம் வந்துரும், நம்ம ஊர்ல வில்லங்கச் சான்று எடுக்குறதுக்கு அலையுற மாதிரி அலைய வேணாம். கூடவே பிளானோ கதாஸ்த்ராதோன்னு ஒரு அளவு வரைபடம் இருக்கும், அத கையில வச்சுக்கிட்டு இடத்துல போய் நிக்கணும்.

ஏன் போய் நிக்கச் சொல்றேன்னா, 50 மீட்டர் எங்க முடியுதுன்னு காட்ட அரசாங்கம் அங்கங்க காங்கிரீட் கல்லு நட்டு வச்சிருக்கும், மொஹோன்னு பேரு, முழங்கால் உயரம் கூட இருக்காது. ஒரு தடவ ஒரு தம்பதிக்காக வீடு ஒண்ணு பாக்கப் போனேன், கடலப் பாத்த மாதிரி நீச்சல் குளம், குளத்தத் தாண்டி புல்வெளி, புல்வெளி முடிஞ்சா மணல், அந்தம்மா அப்பவே முடிவு பண்ணிட்டாங்க, முகத்துலயே தெரிஞ்சுது. நான் கல்லத் தேடுனேன். முன்பக்கம் புல்லுல இல்ல, வேலியோரம் இல்ல, கடைசில வீட்டுக்குப் பக்கவாட்டுல கேஸ் சிலிண்டர் வைக்குற கூண்டுக்குப் பின்னாடி, காகிதப்பூச் செடிக்குள்ள இருந்துச்சு. நம்பர் மேல பாசி படிஞ்சு கெடந்துது, செருப்பால தேச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தக் கல்ல வச்சுப் பாத்தா குளம் மொத்தமும் புறம்போக்குல. எந்த நாள் நகராட்சி புல்டோசர் வரும்னு யாருக்கும் தெரியாது, பத்து வருஷம் வராமலும் போகலாம், அடுத்த மாசமும் வரலாம். அவங்க வாங்கல. வேற யாரோ வாங்கினாங்கன்னு பின்னாடி கேள்விப்பட்டேன்.

சட்டத்துல ஒரு வார்த்த என்ன பாடு படுத்தும்னு பாக்கணும்னா தமரிண்டோக்கு எதுத்தாப்புல, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ப்ளாயா கிராண்டே இருக்கு, படகுல ரெண்டு நிமிஷம், தண்ணியில முதலை உண்டு, நீந்திப் போலாம்னு நெனைக்காதீங்க. ஏழுவரி ஆமை முட்டை போட வர்ற கரை அது. 1991ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, 1995ல சட்டமாக்குனாங்க. கடல் ஏறும் கோட்டுல இருந்து 125 மீட்டர் பட்டை பூங்காவச் சேந்ததுன்னு எழுதப் போய், உள்பக்கம்னு எழுத வேண்டிய எடத்துல ‘தண்ணிப் பக்கம்’னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதி வச்சுட்டாங்க. அப்புறம் என்ன, நிலம் வச்சிருந்தவங்க பூங்கா கடலுக்குள்ளதான் இருக்கு என் மனை வெளிய இருக்குன்னாங்க, அரசாங்கம் அது எழுத்துப் பிழைன்னுச்சு, வழக்கு உள்ளூர் கோர்ட்லயும் நடந்து, சர்வதேச முதலீட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய் 2012ல ஒரு தீர்ப்பு வந்துது. இடையில மாட்டுன சின்னச் சின்ன மனைக்காரங்க கட்டவும் முடியாம விக்கவும் முடியாம வருஷக்கணக்கா உக்காந்திருந்தாங்க. உங்க கான்டோ அந்தக் கரையில இல்ல, நல்லது. ஆனா ‘ஆமை பீச் பக்கம் சீப்பா ஒரு மனை இருக்கு’ன்னு அடுத்து ஒருத்தர் வருவாரு, அதுக்காகச் சொல்றேன்.

இப்ப தண்ணிக்கு வர்றேன், என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் முக்கியமானது, நீங்க இதப் பத்திக் கேக்கவே இல்ல. குவானகாஸ்டே இந்த நாட்டுலயே வறண்ட மாகாணம். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சொட்டு மழை கெடையாது, மலையெல்லாம் காஞ்சு நம்ம ராமநாதபுரம் மாதிரி ஆயிரும், கூட்டம் வர்றதும் சரியா அப்பத்தான். ஊரெல்லாம் நீச்சல் குளம், கீழ நிலத்தடி நீர். கடலோரக் கிணத்துல அளவுக்கு மேல உறிஞ்சினா உப்பு ஏறும், தூத்துக்குடிக்காரனுக்கு இத யாரும் சொல்லித்தர வேணாம். 2008ல சர்தினால்னு ஒரு ஊர்ல பெரிய சண்டையே நடந்துச்சு, அவங்க ஊர் நிலத்தடித் தண்ணியக் குழாய் போட்டு கோகோ, ஒகோட்டால் கடற்கரை ப்ராஜெக்ட்டுங்களுக்குக் கொண்டு போகப் பாத்தாங்க, ஊர் சனம் ரோட்ல எறங்கி நிறுத்துனாங்க, கோர்ட்டுக்குப் போச்சு.

அரசாங்கக் குடிநீர் நிறுவனத்துக்குப் பேரு ஆயா. நம்ம ஊர் ஆயா இல்ல, அவங்க பேரோட சுருக்க எழுத்த ஸ்பானிஷ்ல வேகமா சொன்னா அப்படித்தான் வரும். சின்ன ஊர்ங்கள்ல அசாடான்னு கிராமத்துத் தண்ணிக் கமிட்டி இருக்கும். இந்த ரெண்டுல ஒண்ணு ‘இந்த எடத்துக்கு தண்ணி குடுக்க முடியும்’னு கடிதம் குடுத்தாத்தான் வீடு கட்டவே அனுமதி கெடைக்கும். இன்னைக்கு பல கரையில நிலத்த விட அந்தக் கடிதத்துக்குத்தான் மதிப்பு, கடிதம் இல்லாத மனைய பாதி வெலைக்குத் தர்றேன்னாலும் வேணாம்னு நான் சொல்வேன். நீங்க வாங்குறது கட்டி முடிச்ச கான்டோதானே, அதுக்கென்னன்னு கேக்கலாம். ஒரு வளாகத்துக்குப் போனேன், மார்ச் மாசம், மத்தியானம் ரெண்டு மணி. சமையல்கட்டு குழாயத் திறந்தா ‘உஸ்ஸ்’னு காத்து, அப்புறம் ரெண்டு தடவ செருமுச்சு, டீ கலர்ல ஒரு கையளவு தண்ணி. கீழ வாட்ச்மேன் சாயங்காலம் வர்ற டேங்கர் லாரிக்காக டிரம்மெல்லாம் வரிசையா வச்சிட்டு இருந்தாரு, என்னப் பாத்து சிரிச்சாரு. விசாரிச்சா முதல் கட்டமா கட்டுன வீடுங்களுக்கு வாங்குன தண்ணி அனுமதிய வச்சே ரெண்டாம் கட்டத்தையும் கட்டி வித்துருக்காங்க. பத்திரம் அத்தனையும் சுத்தம், வில்லங்கம் எதுவும் இல்ல, குழாய்ல மட்டும் தண்ணி இல்ல. அதனால நீங்க கேக்க வேண்டியது, தண்ணி ஆயாவா அசாடாவா சொந்த போர்வெல்லா, போர்வெல்னா அரசு நீர்த்துறை குடுத்த அனுமதி யார் பேர்ல இருக்கு, எந்த வருஷம் வரைக்கும், எத்தனை வீட்டுக்கு. அதோட போன மூணு கோடையில எத்தனை டேங்கர் வாங்குனாங்கன்னு வளாகத்து வீட்டுக்காரங்க அசோசியேஷன் கணக்கப் பாருங்க, மீட்டிங் மினிட்ஸ் கேட்டு வாங்கலாம்.

போற தண்ணியும் அதே அளவு முக்கியம். தமரிண்டோ செப்டிக் டேங்க்லயும் தனியார் சுத்திகரிப்பு பிளான்ட்லயும் வளந்த ஊர். 2007 வாக்குல கடல் தண்ணியில சாக்கடைக் கலப்பு இருக்குன்னு சுத்தமான பீச்சுக்குக் குடுக்குற நீலக் கொடிய புடுங்கிட்டாங்க, டூரிஸ்ட் ஊருக்கு அத விட மானக்கேடு வேற இல்ல. கான்டோ வளாகத்துல பிளான்ட் எங்க இருக்குன்னு கேட்டுப் போய்ப் பாருங்க, மோட்டார் ஓடுதான்னு காத கிட்ட வச்சுக் கேளுங்க. சேல்ஸ்காரங்க இதுவரைக்கும் ஒருத்தர் கூட என்னை அந்தப் பக்கம் தானா கூட்டிட்டுப் போனதில்ல.

கட்டடம் பத்தி சுருக்கமா. உப்புக் காத்துல ஏசி அவுட்டோர் யூனிட் நாலஞ்சு வருஷத்துல உதுந்துரும், பால்கனி கம்பிய நகத்தால சொரண்டிப் பாருங்க, ஜன்னல் சக்கரம் உருளுதான்னு பாருங்க. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி நிகோயா தீபகற்பத்துல 7.6 அளவுல பூகம்பம் வந்துது, நான் அப்ப ஒரு சாரத்துக்குக் கீழ நின்னுட்டு இருந்தேன், அத விடுங்க. அதுக்கு முன்னாடி கட்டுன கட்டடம்னா அது ஒரு பரீட்சை எழுதி முடிச்சிருக்குன்னு அர்த்தம், விரிசல் எங்க வந்து எப்படி அடைச்சாங்கன்னு கேளுங்க. அதுக்கப்புறம் கட்டுனதுன்னா வரைபடத்துல இன்ஜினியர் சங்க முத்திரை இருக்கான்னு பாத்துக்கோங்க.

சரி, தன் கடன தானே கட்டிக்குமா? கணக்கு போடுவோம். நான் எடுத்துக்குற எண்ணெல்லாம் உதாரணத்துக்கு, உங்க வளாகத்தோட நெசக் கணக்க வாங்கி இதே மாதிரி நீங்களே போட்டுப் பாருங்க. ராத்திரிக்கு 150 டாலர், வருஷத்துல 180 ராத்திரி ஓடுதுன்னு வச்சா 27,000. வீட்டப் பாத்துக்குற ஏஜென்சிக்கு கால் பங்கு, 6,750. அசோசியேஷன் மாசம் 400னு 4,800. கரண்ட், இன்டர்நெட் 2,400, ஏசிய ஓட விட்டுட்டு பீச்சுக்குப் போற கெஸ்ட்டுங்கதான் எல்லாரும். நகராட்சி சொத்து வரி 0.25 சதவீதம், அது 800, இன்சூரன்ஸ் ஒரு 800, உப்பு தின்னுற ரிப்பேர் 3,000. மிச்சம் 8,450. வாடகை வரின்னு மொத்த வசூல்ல 15 சதவீதம் கழிச்சிட்டு மீதிக்கு 15 சதவீதம், அதாவது மொத்தத்துல 12.75 சதவீதம், 3,442 போச்சு. கையில நிக்குறது 5,000 டாலர் சொச்சம். 3,20,000 போட்டு அதுக்கு மேல பத்திரச் செலவு, சொத்து மாத்துற வரி மட்டும் 1.5 சதவீதம், நோட்டரி, ஸ்டாம்ப் எல்லாம் சேந்து மூணரை நாலு சதவீதம் வரைக்கும் போகும், அதையும் போட்டு வருஷத்துக்கு ஒண்ணரை சதவீதம் பாக்குறீங்க. கலிஃபோர்னியா வீட்டு மேல எடுக்குற லோனுக்கு வட்டி என்னன்னு உங்களுக்குத் தெரியும். ராத்திரிக்கு 200 வாங்குறவங்களும் இருக்காங்க, வருஷத்துல 240 ராத்திரி ஓட்டுறவங்களும் இருக்காங்க, பாத்திருக்கேன், ஆனா அவங்க பாதிப் பேரு அங்கயே குடியிருந்து தானே துடைப்பம் புடிக்கிறவங்க. ஒரு மாசத்துக்குக் கீழ விடுற வாடகைக்கு 13 சதவீதம் வாட் வேற, அத கெஸ்ட் கிட்ட வாங்கி நீங்க கட்டணும், டூரிசம் போர்டுல பதிவும் வேணும், 2019 சட்டம். விக்கும்போது லாபத்துல 15 சதவீதம் வரி.

இதுல நிறைய பேரு கவனிக்காத ஒண்ணு நாணயம். வெலை டாலர்ல, சம்பளம் கரண்ட் பில்லெல்லாம் இந்த நாட்டுக் காசான கொலோன்ல. 2022 நடுவுல ஒரு டாலருக்கு 700 கொலோன் பக்கத்துல இருந்துது, அடுத்த வருஷமே 530க்கு வந்துருச்சு. வேலை செய்யுற அம்மாவுக்கு சம்பளம் ஒரு காசு ஏத்தல, ஆனா டாலர்ல உங்க செலவு மூணுல ஒரு பங்கு ஏறிப் போச்சு. அந்தம்மா தமரிண்டோல குடியிருக்க முடியாம எப்பவோ வில்லரியால் பக்கமோ இன்னும் உள்ளயோ போயிட்டாங்க, காலையில பஸ்ல வர்றாங்க. ‘உள்ளூர் மக்கள் வரவேற்குறாங்க’ன்னு ப்ரோஷர்ல எழுதுறாங்களே, அந்த பஸ்ல ஒரு நாள் ஏறிப் பாருங்க.

இதுவரைக்கும் சொன்ன சட்டம், சதவீதம், கல்லு, எழுத்து இதெல்லாம் யாரு வேணா சரிபாக்கலாம். வெலை ஏறுமாங்குறது அப்படி இல்ல. இந்த மாகாணத்துத் தலைநகர் லைபீரியா (ஆப்பிரிக்க நாடு இல்ல) ஏர்போர்ட்ல புது டெர்மினல் 2012ல திறந்தாங்க, அமெரிக்காவுல இருந்து நேர் விமானம் கூடிக்கிட்டே போச்சு, கொரோனாவுக்கு அப்புறம் எங்க இருந்தும் லேப்டாப்ல வேலை பாக்குற ஆளுங்க வந்து குவிஞ்சாங்க, அதெல்லாம் கண்ணால பாத்தது. அதே கண்ணால நான் வந்த 2011ல, 2008 பொருளாதாரச் சரிவுல நின்னு போன கட்டடங்களையும் பாத்தேன், ஜன்னல் இல்லாத அஞ்சு மாடி எலும்புக்கூடு, உள்ள மரம் முளைச்சு குரங்கு குடியிருந்துச்சு. முழு வெலையும் கட்டி வாங்குனவங்க தாக்குப் புடிச்சாங்க, கடன்ல வாங்குனவங்க வித்துட்டுப் போனாங்க. அடுத்தது எதுன்னு நான் சொன்னா அது ஜோசியம். எனக்குத் தோணுறத வேணா சொல்றேன், கடன் வாங்கி இத வாங்காதீங்க. வருஷத்துல ஆறு வாரம் நீங்களே போய் இருக்கப் போறீங்க, கையில இருக்குற காசு, முடங்குனாலும் தூக்கம் கெடாதுன்னா வேற பேச்சு.

மெக்சிகோ பத்தி, அங்க நான் வேலை செஞ்சதில்ல, கேள்வி ஞானம்தான். சட்டம் மட்டும் தெளிவு, கடற்கரையில இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள வெளிநாட்டுக்காரர் வீட்ட நேரடியா தன் பேர்ல வாங்க முடியாது, பேங்க் பேர்ல ஒரு டிரஸ்ட் வச்சு, ஃபிதேகோமிசோன்னு பேரு, 50 வருஷத்துக்கு வாங்கணும், புதுப்பிக்கலாம், வருஷா வருஷம் பேங்க்குக்குக் கட்டணம். எஹிதோன்னு ஊர்ப் பொதுநிலம் உண்டு, அதக் காமிச்சு ‘சீக்கிரம் பட்டா ஆயிரும்’னு சொன்னா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. சயுலிட்டா வீட்டுத் தரம் பத்தியெல்லாம் நான் வாயத் திறக்க மாட்டேன்.

போறதுன்னா ரெண்டு தடவ போங்க. அக்டோபர்ல ஒரு தடவ, கூரை ஒழுகுறது, மண் ரோடு, பாதி கடை பூட்டிக் கெடக்குறது எல்லாம் அப்பத்தான் தெரியும். மார்ச் கடைசில ஒரு தடவ, தண்ணிக்காக. இங்க வீட்டு புரோக்கருக்கு லைசென்ஸே தேவையில்ல, நேத்து சர்ஃபிங் கத்துக் குடுத்தவர் இன்னைக்கு ஏஜென்ட், அதனால அவர் கைகாட்டுற வக்கீல வச்சுக்காதீங்க. இந்த ஊர்ல நோட்டரிதான் பத்திரத்தத் தன் புத்தகத்துல எழுதி பதியுறவரு, அவரு உங்க ஆளா இருக்கணும். பணத்த ஏஜென்ட் அக்கவுன்ட்ல போடாம நிதிக் கண்காணிப்பு அமைப்புல பதிவு பண்ணிருக்குற, பத்திரம் முடியுற வரைக்கும் பணத்த நடுவுல வச்சிருக்குற எஸ்க்ரோ கம்பெனியில போடுங்க. இன்னைக்கே ஏஜென்ட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டு ஃபோலியோ நம்பர், தண்ணிக் கடிதம், அசோசியேஷன் கடைசி மூணு வருஷ மினிட்ஸ் இந்த மூணையும் கேளுங்க. எத்தன நாள்ல வருது, எது வரலன்னு இங்கயே எழுதுங்க, கடிதம் வந்தா உங்க பேரு நம்பரெல்லாம் அழிச்சிட்டுப் போடுங்க, அதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்றேன்.